ஈறு நோய்க்கு க்ளீனிங் போதுமா, ஆபரேஷன் வேணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஈறு சிகிச்சையை தனியா எடுத்து படிச்ச பல் டாக்டர். "ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா டாக்டர்"னு பயந்துட்டே வந்து உக்கார்றவங்களும் உண்டு, "க்ளீனிங்லாம் வேணாம், ஒரேடியா ஆபரேஷன் பண்ணி முடிச்சு விட்டுடுங்க"ன்னு சொல்றவங்களும் உண்டு. ரெண்டு பேருக்கும் நான் சொல்ற பதில் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா பத்து நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல இது. அதான் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை எடுத்து விளக்கமா எழுதிட்டேன்.

பல் தேய்க்கும்போது ரத்தம் வருது, இது ஈறு நோய்தானா?

ரத்தம் வந்தா ஈறு வீங்கியிருக்குன்னு அர்த்தம். வீக்கம் மட்டும்னா அது ஆரம்ப நிலை, இதுல எலும்புக்கு ஒண்ணும் ஆகல. பல்லும் ஈறும் சேர்ற ஓரத்துல படியற கிருமிப் படலம்தான் காரணம், அதை தினமும் ஒழுங்கா எடுத்தா ஈறு பழையபடி ஆயிடும். கவனிக்காம விட்டா எல்லாருக்கும் இல்ல, ஆனா நிறைய பேருக்கு, அது அடுத்த கட்டத்துக்குப் போகும். ஈறு பல்லை விட்டுப் பிரிஞ்சு நடுவுல ஒரு பை மாதிரி ஆயிடும், அதைத்தான் பாக்கெட்ங்கிறோம். உள்ள பல்லைப் பிடிச்சிட்டிருக்கிற நாரும் எலும்பும் கொஞ்சம் கொஞ்சமா கரையும். போன எலும்பு தானா திரும்ப வராது, அதனாலதான் இதை நாள்பட்ட நோய்னு சொல்றோம். கொடுமை என்னன்னா வருஷக்கணக்கா வலியே இருக்காது, பல் ஆட ஆரம்பிச்ச பிறகுதான் பாதி பேர் வர்றாங்க.

பேர்ல குழப்பம் வேணாம். எலும்பு வரைக்கும் போன இந்த நோயை முன்னாடி 'க்ரானிக் (நாள்பட்ட) பெரியோடான்டைட்டிஸ்'னு எழுதுவோம். 2018ல வந்த புது வகைப்பாட்டுல அந்த 'க்ரானிக்' போயிடுச்சு, இப்ப ஸ்டேஜ் 1ல இருந்து 4 வரைக்கும், கூட கிரேடு ஏ, பி, சி. ஸ்டேஜ்னா இதுவரைக்கும் எவ்ளோ சேதம், கிரேடுன்னா எவ்ளோ வேகமா போகுது.

எனக்கு எந்த அளவு இருக்குன்னு எப்படி கண்டுபிடிப்பீங்க?

மெல்லிசா, மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு கம்பி இருக்கு, ப்ரோப்னு சொல்வோம். அதை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல லேசா விட்டு ஒவ்வொரு பல்லுலயும் ஆறு இடத்துல அளப்போம், வெளிப்பக்கம் மூணு, உள்பக்கம் மூணு. நான் "மூணு, ரெண்டு, மூணு"ன்னு சொல்லச் சொல்ல அசிஸ்டன்ட் குறிச்சிட்டே வருவாங்க, திடீர்னு ஒரு இடத்துல கம்பி சர்ருன்னு உள்ள இறங்கும், "ஏழு, ரத்தம்"னு சொல்வேன், அப்ப நாற்காலியில இருக்கிறவங்க கண்ணு தானா என் பக்கம் திரும்பும். மூணு வரைக்கும் நார்மல். நாலுல இருந்து கவனிக்கணும், ஆறும் அதுக்கு மேலயும்னா ஆழமான பாக்கெட். இதோட எக்ஸ்ரே எடுத்து எலும்பு எவ்ளோ இறங்கியிருக்குன்னு பார்ப்போம்.

இந்த நம்பர் இல்லாம ஆபரேஷன் வேணும்னோ வேணாம்னோ யாராவது சொன்னா தயவுசெஞ்சு முதல்ல அளக்கச் சொல்லுங்க. வாயைத் திறந்து பார்த்துட்டு மட்டும் முடிவெடுக்கிற விஷயம் இல்ல இது.

ஆபரேஷன் இல்லாத ட்ரீட்மென்ட்னா என்ன? வழக்கமா பண்ற க்ளீனிங்தானே?

இல்ல. வழக்கமான க்ளீனிங்ல ஈறுக்கு மேல, கண்ணுக்குத் தெரியற, பல்லுல கெட்டியா படிஞ்ச காரையை எடுப்பாங்க. ஆபரேஷன் இல்லாத ட்ரீட்மென்ட்னா டீப் க்ளீனிங், அதுல மரத்துப்போற ஊசி போட்டு பாக்கெட்டுக்குள்ள போய் வேர் மேல ஒட்டியிருக்கிற காரையையும் கிருமிப் படலத்தையும் எடுப்போம். அதிர்வுல உடைக்கிற மெஷின் டிப்பாலயும் பண்ணலாம், கியூரெட்ங்கிற கையால சுரண்டுற கருவியாலயும் பண்ணலாம், ரெண்டோட ரிசல்ட்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், நிறைய பேர் ரெண்டையும் கலந்துதான் பண்ணுவோம். உள்ள இருக்கிற காரை மேல இருக்கிறது மாதிரி மஞ்சளா இருக்காது, கருப்பா கல்லு மாதிரி வேரோட ஒட்டிட்டு இருக்கும், கருவி நுனியில அது சொரசொரன்னு தட்டுப்படும், எடுத்த பிறகு அதே இடம் கண்ணாடி மாதிரி வழுக்கும். நாம பார்த்துப் பண்றதில்ல, விரல்ல தெரியற அந்த உணர்வை வச்சுத்தான் பண்றோம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, ஆபரேஷன் எதுக்குங்கிற கேள்விக்கு பதில் இதுலதான் இருக்கு.

க்ளீனிங் பண்ணா பல் ஆடும், இடைவெளி வரும்னு சொல்றாங்களே?

காரை எலும்பு மாதிரி பல்லைப் பிடிச்சு நிக்கிறதில்ல. எலும்பு ஏற்கெனவே போயிருந்த இடத்துல காரை அடைச்சிட்டு இருந்தது, வீங்கின ஈறு மூடியிருந்தது. காரை போய் வீக்கம் வத்தினதும் முன்னாடியே இருந்த இடைவெளி தெரியுது. சில நாளைக்கு கூச்சமும் லேசான ஆட்டமும் இருக்கலாம், வீக்கம் அடங்க அடங்க பல் முன்னைவிட இறுக்கமாத்தான் ஆகும். இந்தப் பயத்துல பத்து வருஷம் தள்ளிப்போட்டு, கடைசியில பல்லையே எடுக்க வந்தவங்களை நான் பார்த்திருக்கேன், ரொம்ப வருத்தமா இருக்கும்.

ஆபரேஷன், அதாவது ஃபிளாப் சர்ஜரின்னா என்ன பண்ணுவீங்க?

ஈறை ஓரமா கீறி, ஒரு மூடியைத் திறக்கிற மாதிரி மெதுவா விலக்குவோம். வேரும் எலும்பும் நேரா கண்ணுக்குத் தெரியும். உள்ள ஊறிப்போன சதையை எடுத்து, மிச்சம் இருக்கிற காரையை பார்த்தே சுத்தம் பண்ணி, தேவைப்பட்டா எலும்போட வடிவத்தை சரி பண்ணி, இல்லன்னா குழியில எலும்புத் தூள் மாதிரி ஏதாவது வச்சு, ஈறைத் திரும்ப மூடி தையல் போடுவோம். முழு மயக்கமெல்லாம் பொதுவா கிடையாது, அந்தப் பகுதி மட்டும் மரத்துப்போற ஊசிதான். வாய் முழுக்க ஒரே நாள்ல பண்ற வழக்கமும் இல்ல, ஒரு பகுதி பகுதியா பண்ணுவோம்.

இது புது விஷயமும் இல்ல. ஸ்வீடனைச் சேர்ந்த லியோனார்ட் விட்மன் 1918லயே தன் ஃபிளாப் முறையை வெளியிட்டுட்டாரு, 1974ல ராம்ஃப்யோர்டும் நிஸ்லேவும் அதை இன்னும் ஈறுக்கு பாதிப்பு கம்மியா இருக்கிற மாதிரி மாத்தினாங்க. இன்னைக்கும் அடிப்படை அதேதான்.

சரி, ரெண்டுல எது பெட்டர்? நேரா சொல்லுங்க.

பாக்கெட்டோட ஆழத்தைப் பொறுத்து பதில் மாறும், அதனால ஒரே வார்த்தையில சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுமையா படிங்க.

ரெண்டு விஷயத்தை அளக்கிறோம். ஒண்ணு பாக்கெட் எவ்ளோ ஆழம் குறைஞ்சுது, இன்னொண்ணு பல்லுக்கு பிடிப்பு எவ்ளோ கூடுச்சு. ஈறு சுருங்கினாலே பாக்கெட் குறையும், ஆனா பிடிப்பு கூடியிருக்காது. ரெண்டும் வேற வேற.

டீப் க்ளீனிங் மட்டும் பண்ணா 4ல இருந்து 6 மில்லிமீட்டர் பாக்கெட் சராசரியா ஒரு மில்லிமீட்டர் குறையும், 7க்கு மேல இருக்கிறது சராசரியா ரெண்டு குறையும். கேக்க சின்னதா இருக்கும், ஆனா 5 இருந்தது 4 ஆகி ரத்தமும் நின்னுட்டா அந்த இடத்தை நீங்களே பிரஷ்ஷால பார்த்துக்கலாம், அவ்ளோ வித்தியாசம். இப்ப ஆபரேஷனை பக்கத்துல வச்சுப் பார்த்தா, ரெண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளை சேர்த்துப் பார்த்தப்ப ஒரு வருஷ முடிவுல, 6க்கு மேல ஆழமான இடத்துல ஆபரேஷன் சுமார் 0.6 மில்லிமீட்டர் கூடுதலா பாக்கெட்டைக் குறைச்சுது. 4ல இருந்து 6ல ஆபரேஷன் பாக்கெட்டை இன்னும் 0.4 குறைச்சுது, ஆனா பிடிப்புல க்ளீனிங்தான் 0.4 முன்னாடி. 3க்குள்ள இருக்கிற நல்ல இடத்துல ஆபரேஷன் பண்ணா இருக்கிற பிடிப்பும் கொஞ்சம் போகும். வருஷம் போகப் போக ரெண்டுக்கும் உள்ள வித்தியாசமும் குறைஞ்சுட்டே வரும்.

1982ல யான் லிண்டேங்கிற ஈறு ஆராய்ச்சியாளரோட குழு இதுக்கு ஒரு எல்லைக்கோடே கண்டுபிடிச்சாங்க. 2.9 மில்லிமீட்டருக்கு கம்மியான இடத்துல டீப் க்ளீனிங் பண்ணா பிடிப்பு போகும், 4.2க்கு கம்மியான இடத்துல ஃபிளாப் பண்ணா பிடிப்பு போகும். இதனாலதான் ஒரு வாய்க்கு முழுசா 'ஆபரேஷன் கேஸ்'னு முத்திரை குத்தறது தப்புன்னு நான் சொல்றேன். ஒரே ஆளுக்கு முன்பல்லுல க்ளீனிங்கே போதும், பின்னாடி ரெண்டு பல்லுக்கு மட்டும் ஆபரேஷன் வேணும்னு வரலாம், பெரும்பாலும் அப்படித்தான் வருது.

அப்ப ஆழமா இருந்தா நேரா ஆபரேஷனுக்கே போயிடலாமே, எதுக்கு ரெண்டு வேலை?

க்ளீனிங் பண்ணாம எந்த இடம் தானா ஆறும், எது ஆறாதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. 7 இருந்த இடம் மூணு மாசத்துல 4 ஆனதை நிறைய பார்த்திருக்கேன். வீங்கின ஈறுல கத்தி வச்சா ரத்தமும் அதிகம், தையலும் சரியா நிக்காது. அதைவிட முக்கியம், அந்த மூணு மாசத்துல நீங்க வீட்ல ஒழுங்கா சுத்தம் பண்றீங்களாங்கிறது தெரிஞ்சிடும்.

2020ல ஐரோப்பிய பெரியோடான்டாலஜி (ஈறு மருத்துவம்) கூட்டமைப்பு ஸ்டேஜ் 1ல இருந்து 3 வரைக்கும் ஒரு வழிமுறை கொடுத்தாங்க, நாங்க அந்த வரிசையிலதான் போறோம். முதல்ல பழக்கம், அதாவது பிரஷ் பண்ற முறை, சிகரெட், சுகர் கண்ட்ரோல். அடுத்து ஈறுக்குள்ள க்ளீனிங். அப்புறம் ஆற விட்டு திரும்ப அளக்கிறது. மிச்சம் 4, 5 இருக்கிற இடத்தை திரும்ப க்ளீன் பண்ணலாம், 6ம் அதுக்கு மேலயும் இருந்தா ஆபரேஷனை யோசிக்கலாம். பொதுவா ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம் கழிச்சு திரும்ப அளப்போம். அந்த ரீசெக்குக்கு வராம விடறவங்கதான் அதிகம், அதுதான் மொத்த ட்ரீட்மென்ட்லயே முக்கியமான நாள்.

கடவாப்பல்லுக்கு மட்டும் ஏன் அடிக்கடி ஆபரேஷன் சொல்றீங்க?

கடவாப்பல்லுக்கு ரெண்டு மூணு வேர். வேர் பிரியிற இடம் வரைக்கும் எலும்பு கரைஞ்சுட்டா அந்த கவட்டைக்குள்ள அழுக்கு போய் உக்காந்துடும், நிறைய பல்லுல அந்த வாசல் நம்ம கியூரெட் நுனியை விடவே குறுகலா இருக்கும். மூடின நிலையில எவ்ளோ திறமையான கையா இருந்தாலும் 5 மில்லிமீட்டருக்கு மேல ஆழமான இடத்துல கொஞ்சம் காரை மிச்சம் இருக்கிறது சகஜம். ஒத்தை வேர் பல்லுல இந்தப் பிரச்சனை கம்மி, அதனாலதான் முன்பல் க்ளீனிங்குலயே நல்லா தேறிடுது.

போன எலும்பு திரும்ப வளருமா?

சில வடிவக் குழியில மட்டும் ஓரளவு வரும். எலும்பு சுத்தியும் சமமா இறங்கியிருந்தா வளர்க்க முடியாது. ஒரு பக்கம் மட்டும் கிணறு மாதிரி செங்குத்தா, 3 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ இறங்கியிருந்தா, அந்தக் குழியில எலும்புத் துகளோ, ஒரு சவ்வோ, எனாமல் புரதத்துல செஞ்ச ஜெல்லோ வச்சு வளர வைக்க முயற்சி பண்ணலாம். கீழ் கடவாப்பல் கவட்டையிலயும் சில நேரம் முடியும். இதை ஆபரேஷன் வழியாத்தான் பண்ண முடியும், இந்த ஒரு விஷயத்துல டீப் க்ளீனிங் போட்டியே போட முடியாது. ஆனா சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு இதுல ரிசல்ட் கம்மி, நான் நிறுத்தச் சொல்லிட்டுத்தான் தேதியே கொடுப்பேன்.

லேசர்ல பண்ணா கத்தியே வேணாமாமே?

டீப் க்ளீனிங்கோட லேசரையும் சேர்த்துப் பண்ணா பெருசா கூடுதல் பலன் இருக்குன்னு நிரூபணம் ஆகல, அந்த 2020 வழிமுறையும் கூடுதலா சேர்க்க வேணாம்னுதான் சொல்லுது.

ஆன்டிபயாடிக், மவுத்வாஷ், உப்புத்தண்ணி இதுல சரியாகாதா?

கிருமிங்க தனித்தனியா மிதந்துட்டு இருந்தா மாத்திரை போதும். ஆனா அதுங்க பசை மாதிரி ஒரு படலம் கட்டி அதுக்குள்ள இருக்கு, மருந்து உள்ள ஊடுருவறது கஷ்டம், முதல்ல கருவியால உடைச்சு எடுக்கணும். வேகமா பரவுற கேஸ்ல, அதுவும் சின்ன வயசுக்காரங்களுக்கு, க்ளீனிங்கோட சேர்த்து அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் கொடுக்கிறது உண்டு. எல்லாருக்கும் கொடுக்கிறதில்ல, நீங்களா வாங்கியும் போடாதீங்க.

குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் நல்லதுதான், ஆனா ரெண்டு மூணு வாரத்துக்கு மேல போட்டா பல்லுல பழுப்பு கறை பிடிக்கும், ருசியும் மாறும். எந்த மவுத்வாஷும் ஆழமான பாக்கெட்டுக்குள்ள போகாது. உப்புத்தண்ணி இதமா இருக்கும், கொப்பளிங்க, ஆனா அதை நம்பி ட்ரீட்மென்ட்டை தள்ளிப்போடாதீங்க.

எது ரொம்ப வலிக்கும்? எத்தனை நாள்ல சரியாகும்?

டீப் க்ளீனிங்ல ஊசி போட்ட பிறகு வலி தெரியாது, வீட்டுக்குப் போனதும் ரெண்டு மூணு நாள் ஈறு புண்ணா இருக்கும், கூச்சம் சில வாரம் இருக்கலாம். மறுநாளே வேலைக்குப் போயிடலாம். ஃபிளாப்னா முதல் மூணு நாள் வீக்கமும் வலியும் இருக்கும், மாத்திரையில அடங்கிடும், தையல் ஒண்ணுல இருந்து ரெண்டு வாரத்துல எடுப்போம், அது வரைக்கும் அந்த இடத்துல பிரஷ் படக்கூடாது, மவுத்வாஷ்தான். மெதுவான சாப்பாடா எதிர்ப்பக்கத்துல மென்னு சாப்பிடணும். ரத்தம் நிக்காம வந்தாலோ, மூணு நாளைக்கு அப்புறம் வீக்கம் குறையாம கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே கூப்பிடணும், காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க.

அப்புறம் பல் நீளமா தெரியுமா?

ஆமா, தெரியலாம், இதை முன்னாடியே சொல்லாத டாக்டர் மேல கோபம் வர்றது நியாயம்தான். வீக்கம் வத்தினா ஈறு வேர்ப் பக்கமா ஒதுங்கும், ரெண்டு பல்லுக்கு நடுவுல கருப்பா முக்கோணமா இடைவெளி தெரியும். க்ளீனிங்ல கொஞ்சம், ஆபரேஷன்ல அதிகம். அதனாலதான் சிரிச்சா தெரியற முன்பல் பகுதியில முடிஞ்ச வரைக்கும் கத்தி வைக்காம பார்க்கிறோம்.

அம்மாவுக்கு சுகர் இருக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் போடறாங்க. ஆபரேஷன் பண்ணலாமா?

சுகர் கட்டுக்குள்ள இருந்தா பண்ணலாம். கட்டுக்குள்ள இல்லன்னா ஆறாது, அதனால அவசரப்படாம முதல்ல க்ளீனிங். ஒரு நல்ல செய்தியும் இருக்கு, ஈறு நோய்க்கு ட்ரீட்மென்ட் எடுத்த சுகர்காரங்களுக்கு மூணு நாலு மாசத்துல எச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர்) அளவு சராசரியா 0.4 சதவீதப் புள்ளி கிட்ட குறையுது, அதுக்கு ஆபரேஷன் கூட வேணாம், டீப் க்ளீனிங்கே போதும்.

ரத்தம் உறையாம இருக்கப் போடற மாத்திரையை நீங்களா நிறுத்தவே நிறுத்தாதீங்க, இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து. மருந்து எழுதின டாக்டரும் நாங்களும் பேசி முடிவு பண்ணிக்கிறோம். எலும்பு தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ போடறாங்கன்னா அதையும் மறக்காம சொல்லுங்க, தாடை எலும்பு ஆறறதுல சிக்கல் வரலாம். எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வந்துட்டா எங்களுக்குப் பெரிய உதவி.

நான் சிகரெட் பிடிப்பேன், ஆனா ரத்தமே வர்றதில்லயே?

சிகரெட் ஈறுல ரத்தம் கசியறதைக் குறைச்சு நோயை மறைச்சிடும். உள்ள எலும்பு போயிட்டே இருக்கும், அறிகுறி மட்டும் தெரியாது. ரெண்டு ட்ரீட்மென்ட்டும் உங்களுக்குக் கம்மியாத்தான் வேலை செய்யும். நிறுத்தினா வித்தியாசம் தெரியும்.

ஆடுற பல்லை எடுத்துட்டு இம்ப்ளான்ட் வச்சுக்கிறது ஈஸி இல்லயா?

வேர் நுனி வரைக்கும் எலும்பு போய், மேலயும் கீழயும் ஆடுற பல்லுன்னா எடுத்துத்தான் ஆகணும். மத்தபடி அவசரப்படாதீங்க. ஈறு நோய்ல பல் போனவங்களுக்கு இம்ப்ளான்ட்டைச் சுத்தியும் அதே மாதிரி நோய் வர்ற வாய்ப்பு அதிகம், அங்க வந்தா குணப்படுத்தறது இன்னும் கஷ்டம். லேசா ஆடுற பல் வீக்கம் போனதும் இறுகறதை தினமும் பார்க்கிறேன்.

ஆபரேஷன் முடிஞ்சா அதோட முடிஞ்சுதா?

இல்ல, இதைத்தான் நான் எல்லாத்தையும் விட அழுத்திச் சொல்லணும்னு நினைக்கிறேன். 1977ல நைமன், லிண்டே, ரோஸ்லிங் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அஞ்சு விதமான ஆபரேஷன் பண்ணி, அதுக்கப்புறம் பல்லை சுத்தமா வச்சுக்கிற கவனிப்பு கொடுக்காம விட்டா என்ன ஆகுதுன்னு பார்த்தாங்க. எந்த ஆபரேஷனா இருந்தாலும் சரி, பிடிப்பு தொடர்ந்து போயிட்டேதான் இருந்துது. அடுத்த வருஷம், 1978ல, ஹிர்ஷ்ஃபெல்டும் வாஸர்மனும் 600 பேரை சராசரியா 22 வருஷம் கவனிச்ச கணக்கைக் கொடுத்தாங்க, விடாம க்ளீனிங்குக்கு வந்துட்டிருந்தவங்க. அதுல 499 பேருக்கு மொத்தமே மூணு பல்லுக்கு மேல போகல. 22 வருஷத்துல!

அதனால எந்த ட்ரீட்மென்ட் எடுத்தாலும் அதுக்கப்புறம் மூணு மாசத்துக்கு ஒருதடவை வரணும், நல்லா நின்னுட்டா இடைவெளியை கூட்டிக்கலாம். ஒவ்வொரு தடவையும் திரும்ப அளப்போம், போன தடவை நம்பரோட வச்சுப் பார்ப்போம். அந்த அளவு தாளை ஒரு காப்பி கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, வேற டாக்டர்கிட்ட போனாலும் உதவும்.

பல்லிடுக்கு பிரஷ் போடச் சொன்னீங்க, போட்டா ரத்தம் வருது. நிறுத்திடட்டுமா?

நிறுத்தாதீங்க. வழக்கமான பிரஷ் ரெண்டு பல்லுக்கு நடுவுல போகாது, நோய் ஆரம்பிக்கிறதே பெரும்பாலும் அங்கதான். உள்ள போகும்போது லேசா இறுக்கமா இருக்கிற சைஸ் எடுங்க, முன்பல்லுக்கு ஒரு சைஸ், கடவாப்பல்லுக்கு ஒரு சைஸ்னு வேணும்னு வரலாம். பலவந்தமா தள்ளாம ஈறை ஒட்டி நேரா விட்டு ரெண்டு மூணு தடவை முன்னும் பின்னும் இழுங்க, ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி பண்ணா போதும். ரெண்டு வாரத்துல நிறைய இடத்துல ரத்தம் நின்னுடும். ஏதாவது ஒரே இடத்துல மட்டும் அதுக்கு அப்புறமும் பிரஷ் சிவப்பா வெளிய வந்தா, அது எந்தப் பல்லுன்னு ஒரு தாள்ல குறிச்சு எடுத்துட்டு வாங்க, நான் ப்ரோப்பை முதல்ல அங்கதான் வைப்பேன்.